டைட்டானியம் நைட்ரைடா, குரோமியம் நைட்ரைடா? ஓசூர் டூல் ரூமுக்கு எந்தக் கோட்டிங்

ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றி மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி, பேரண்டப்பள்ளி பக்கமும் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில் கோட்டிங் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. எந்த டூல் வந்தாலும் தங்க நிறக் கோட்டிங் (மேலே போடும் மெல்லிய கடினப் பூச்சு) போட்டுவிடு என்பது ஒரு கட்சி. அதெல்லாம் கலர் காட்டிக் காசு பிடுங்கும் வேலை, நல்ல ஸ்டீலாக வாங்கினால் போதும் என்பது மறு கட்சி. இரண்டு தரப்பும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் டூல் எதனால் சாகிறது? முனை தேய்கிறதா, சூட்டில் வெந்துபோகிறதா, வெட்டும் மெட்டல் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறதா, விளிம்பு உடைகிறதா, துரு அரிக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் கேட்லாக்கில் கடினத்தன்மை எண்ணைப் பார்த்து வாங்கினால், சில சமயம் கோட்டிங் இல்லாத டூலைவிட மோசமான பலன்தான் கிடைக்கும்.

இங்கே நான் ஒப்பிடுவது ஐந்து கோட்டிங்குகளை: டைட்டானியம் நைட்ரைடு, டைட்டானியம் கார்போநைட்ரைடு, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு, குரோமியம் நைட்ரைடு, சிர்கோனியம் நைட்ரைடு. இவற்றோடு போட்டியில் ஹார்டு குரோமும் (தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் குரோமியப் பூச்சு) நைட்ரைடிங்கும் (ஸ்டீலுக்குள் நைட்ரஜனை ஊற விடுவது) உண்டு. ‘எதுவும் போடாதே’ என்பதும் ஒரு தேர்வுதான். அலுமினியம் வெட்டுகிற இடத்தில் அதுவே ஜெயிப்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாதி உலோகம், பாதி பீங்கான்

டைட்டானியம், சிர்கோனியம், குரோமியம், வனேடியம் ஆகியவை இடைநிலை உலோகங்கள். இவற்றின் அணுக்கள் பெரியவை, நைட்ரஜன் அணு சிறியது. உலோக அணுக்களின் அடுக்கில் இருக்கும் இடைவெளிகளில் நைட்ரஜன் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி உருவாகும் நைட்ரைடுகளில் பலவற்றுக்குச் சாப்பாட்டு உப்பின் படிக அமைப்பே அமைகிறது. டைட்டானியம் நைட்ரைடும் குரோமியம் நைட்ரைடும் சிர்கோனியம் நைட்ரைடும் அந்த ரகம். பீங்கான்போலக் கடினமாகவும் இருக்கும், உலோகம்போல மின்சாரமும் கடத்தும். டைட்டானியம் நைட்ரைடு சுத்த டைட்டானியத்தைவிட நன்றாகவே மின்சாரம் கடத்தக்கூடியது. சிப் தயாரிப்பில் சிலிக்கானுக்கும் அதன்மேல் போடும் டங்ஸ்டனுக்கும் நடுவில் தடுப்புச் சுவராக இதை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுமார் 5 முதல் 6 கெல்வின் வரை குளிர வைத்தால் மின்தடையே இல்லாமல் போகும்.

டைட்டானியம் நைட்ரைடின் தங்க நிறத்துக்குச் சாயம் எதுவும் காரணமில்லை. அதிலிருக்கும் சுதந்திர எலெக்ட்ரான்கள் சிவப்பு, மஞ்சள் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புகின்றன. நீலத்தை அவ்வளவாக அனுப்புவதில்லை. நைட்ரஜன் குறைந்தால் நிறம் வெளிறும், கூடினால் பழுப்புக்குப் போகும். அதனால் கோட்டிங் சென்டரிலிருந்து ஒரே லாட்டில் வந்த டூல்கள் இரண்டு நிறத்தில் இருந்தால் சேம்பருக்குள் நைட்ரஜனோ சூடோ சீராக இருக்கவில்லை என்று சந்தேகப்படலாம். கைக்கடிகாரத் தொழிலிலும் இந்த நிறம்தான் வேலை செய்கிறது: கேஸின் மேல் டைட்டானியம் நைட்ரைடு போட்டு, அதற்கு மேல் மெல்லிய தங்கப் பூச்சு கொடுப்பது அங்கே பழைய பழக்கம். தங்கம் தேய்ந்தாலும் அடியில் அதே நிறம் தெரியும்.

பூமியில் இந்தச் சேர்மம் இயற்கையாகக் கிடைப்பது மிக அபூர்வம். முதன்முதலில் இதைக் கனிமமாக அடையாளம் கண்டது ஒரு விண்கல்லில். 1852இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி அருகே விழுந்த கல் அது. கனிமத்துக்கு ஆஸ்போர்னைட் என்று பெயர் வைத்தார்கள். டூல் ரூமில் இந்தத் தகவலால் பைசா பிரயோஜனம் கிடையாது. தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சொன்னேன்.

பிரயோஜனமுள்ள எண்களுக்கு வருவோம். கடினப்படுத்திய எச்.எஸ்.எஸ். (டூல் செய்யும் ஹை ஸ்பீடு ஸ்டீல்) சுமார் 800 முதல் 900 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு). கார்பைடு (கோபால்ட்டால் பிணைத்த டங்ஸ்டன் கார்பைடு) 1500க்கு மேல். டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் 2000 முதல் 2400 வரை. குரோமியம் நைட்ரைடு அதைவிடக் கொஞ்சம் கம்மி, 1800, 2000 என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியம் சேர்ந்த டைட்டானியம் நைட்ரைடும் கார்பன் சேர்ந்ததும் 3000ஐத் தொடும். இதை மட்டும் பார்த்தால் கடைசி இரண்டுதான் வாங்க வேண்டியவை என்று தோன்றும். ஆனால் கோட்டிங்கின் தடிமன் 2 முதல் 4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு மெல்லிய தோல் கடினமாக இருப்பதைவிட, அது ஒட்டி நிற்பதும் சூட்டில் சிதையாமல் இருப்பதும்தான் முக்கியம்.

உருகுநிலை இன்னொரு பொறி. டைட்டானியம் நைட்ரைடு 2900 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்று படித்துவிட்டு, சூட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உருகும்வரை அது காத்திருக்காது. காற்றில் 500, 600 டிகிரியிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து டைட்டானியம் ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடும். அந்த ஆக்சைடு அதிக இடம் கேட்கும். இடமில்லாமல் செதிலாக உதிரும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஆக்சிஜனேற்ற வெப்பநிலை. டைட்டானியம் கார்போநைட்ரைடு 400, டைட்டானியம் நைட்ரைடும் சிர்கோனியம் நைட்ரைடும் 550ஐ ஒட்டி, குரோமியம் நைட்ரைடு 700, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு 800. கோட்டிங் சென்டருக்குச் சென்டர் முன்பின் மாறும். வரிசை பெரும்பாலும் மாறாது.

டிரில், டேப், ஹாப்: பழையது இன்னும் தாங்கும் இடம்

பி.வி.டி. (வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும்) முறையில் எச்.எஸ்.எஸ். டூல்களுக்கு டைட்டானியம் நைட்ரைடு போடுவது 1980 வாக்கில் வியாபாரத்துக்கு வந்தது. அதற்கு முன் சி.வி.டி. (வாயுக்களை வேதிவினையால் படியவைக்கும்) முறை இருந்தது. டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியையும் நைட்ரஜனையும் 900, 1000 டிகிரியில் சேர்க்க வேண்டும். கார்பைடு இன்சர்ட் அந்தச் சூட்டைத் தாங்கும், எச்.எஸ்.எஸ். தாங்காது. பி.வி.டி.யில் சேம்பரை வெற்றிடமாக்கி, டைட்டானியம் கட்டியை ஆர்க்கால் ஆவியாக்கி, நைட்ரஜனை உள்ளே விட்டு, 450 டிகிரியை ஒட்டியே வேலையை முடித்துவிடலாம். எச்.எஸ்.எஸ். டெம்பர் ஆவது (கடினப்படுத்திய பிறகு திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்துவது) 540, 560 டிகிரியில் என்பதால் அதன் கடினம் போகாது. இந்தப் பொருத்தம்தான் டைட்டானியம் நைட்ரைடை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது.

மைல்டு ஸ்டீலிலும் சாதாரண அலாய் ஸ்டீலிலும் கூலண்ட் போட்டு எச்.எஸ்.எஸ். டிரில், டேப் (துளைக்குள் மறை வெட்டுவது), ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்குவது), கியர் ஹாப் (கியர் பல் வெட்டுவது) ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் டைட்டானியம் நைட்ரைடையே எடுக்கலாம் என்பது என் கருத்து. இங்கே சூடு 500 டிகிரியை எட்டாது. டூல் சாவது தேய்மானத்தாலும் சில்லு ஒட்டுவதாலும். இரண்டையும் இது சமாளிக்கும். கியர் ஹாப்பில் இதன் லாபம் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் ஹாப் விலை அதிகம், அதைத் திரும்பத் திரும்பக் கிரைண்ட் செய்து ஓட்டுகிறோம். கிரைண்ட் செய்த முகத்தில் கோட்டிங் போய்விட்டாலும் பக்கவாட்டில் இருக்கும் கோட்டிங் வேலை செய்துகொண்டே இருக்கும். டிரில்லிலும் இதே கதைதான்: முனையைத் தீட்டிய பிறகும் ஃபுளூட்டில் (சில்லு வெளியேறும் பள்ளத்தில்) தங்க நிறம் மிச்சமிருந்தால் சில்லு வழுக்கி வெளியே வரும்.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. தங்க நிறம் போய்ச் சாம்பல் நிற ஸ்டீல் தெரியத் தொடங்கும் இடத்தைப் பார்த்தே தேய்மானம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். “அண்ணா, டிரில் கத்துது” என்று ஆபரேட்டர் வந்து சொல்வதற்கு முன்பே கழற்றிவிட முடியும். சாம்பல் நிறக் குரோமியம் நைட்ரைடிலோ கறுத்த டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடிலோ இது அவ்வளவு சுலபமில்லை.

தர்மபுரி நான்கு ரோடு பக்க ஹார்டுவேர் கடைகளில் தங்க நிற டிரில் பிட் செட்டுகள் தொங்குகின்றனவே, அவை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நிறத்தை வைத்து அடியில் இருக்கும் ஸ்டீலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கதவு, ஜன்னல் வேலைக்கு அது போதும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் ஓட்டை போட அதை நம்ப வேண்டாம். அங்கே கோட்டிங் இல்லாத கோபால்ட் எச்.எஸ்.எஸ். பிட் நன்றாக உழைக்கும்.

கார்போநைட்ரைடைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டைட்டானியம் நைட்ரைடின் தம்பி. கடினமும் வழுக்கலும் அதிகம், சூடு தாங்குவது குறைவு. எஸ்.எஸ். டேப்பிங், தடித்த ஷீட்டில் பஞ்சிங் என்று மெதுவாக ஓடி, அழுத்தம் அதிகமாக இருக்கும் வேலைகளுக்கு நன்றாக இருக்கும். கூலண்டோ ஆயிலோ நின்றுபோனால் சீக்கிரம் போய்விடும்.

சூடு கேட்கும் கோட்டிங்

டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடின் சூட்சுமம் அதன் அலுமினியத்தில் இருக்கிறது. வெட்டும் முனை நன்றாகச் சூடாகும்போது மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, உள்ளே ஆக்சிஜன் போகாமல் மூடிக்கொள்ளும். அதாவது இந்தக் கோட்டிங்குக்கு வேலை செய்யச் சூடு வேண்டும். 45 எச்.ஆர்.சி.க்கு (ராக்வெல் கடினத்தன்மை எண்) மேல் கடினமான டை ஸ்டீலை வி.எம்.சி.யில் (கணினி இயக்கும் மில்லிங் மெஷினில்) கார்பைடு எண்ட் மில் வைத்து வேகமாக மில்லிங் செய்கிறீர்கள் என்றால் இதுதான் சரி. அங்கே கூலண்டை நிறுத்திவிட்டுக் காற்று ஊதி ஓட்டுவதே பல நேரம் நல்லது. விட்டுவிட்டு வெட்டும் பல்லின்மேல் கூலண்ட் விழுந்தால் ஒரு சுற்றில் வெந்து, அடுத்த நொடி குளிர்ந்து, கார்பைடில் சீப்புப் பல்போல விரிசல் விடும்.

இதே கோட்டிங்கை எச்.எஸ்.எஸ். டிரில்லில் போட்டு, பில்லர் டிரில்லிங் மெஷினில் மெதுவாக ஓட்டினால் கொடுத்த கூடுதல் காசுக்கு ஒரு பலனும் தெரியாது. எண்ணைப் பார்த்து வாங்குவதில் இருக்கும் கோளாறு இதுதான்: 3300 விக்கர்ஸ் என்று கேட்லாக் சொல்வது உண்மை, ஆனால் அது உங்கள் மெஷினில் பேசாது.

அலுமினியம் வெட்ட இதை எடுக்கவே வேண்டாம். கோட்டிங்கில் இருக்கும் அலுமினியமும் வெட்டும் அலுமினியமும் ஒன்றையொன்று விடாது. முனையில் ஒட்டு ஏறிக்கொண்டே போகும். டைட்டானியம் நைட்ரைடும் அலுமினியத்துக்கு உகந்ததில்லை. இருசக்கர வாகனப் பாகங்களுக்கு அலுமினிய வார்ப்புகளை மெஷினிங் செய்யும் பட்டறைகள் ஓசூரில் ஏராளம். அவர்களுக்கு என் முதல் சிபாரிசு கோட்டிங் இல்லாத, ஃபுளூட் நன்றாகப் பாலிஷ் செய்த கார்பைடு. அதற்கு மேல் ஆயுள் வேண்டுமானால் சிர்கோனியம் நைட்ரைடு. வெளிர் தங்க நிறத்தில் இருக்கும், அலுமினியம் இதன்மேல் ஒட்டுவது குறைவு. பித்தளை நிறம் கொடுப்பதால் குளியலறைக் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் இதையே அலங்காரத்துக்காகப் போடுகிறார்கள். அலுமினியத்தில் சிலிக்கான் அதிகமிருந்தால் தேய்மானம் வேகமெடுக்கும். அப்போது வைர முனை டூலைப் பற்றி யோசியுங்கள்; நைட்ரைடு குடும்பத்தில் அதற்குப் பதில் கிடையாது.

டை, பின், மோல்டு: குரோமியம் நைட்ரைடின் ஊர்

வெட்டும் டூலை விட்டுவிட்டு அச்சுப் பக்கம் வந்தால் கணக்கு மாறிவிடும். அலுமினியம் பிரஷர் டை காஸ்டிங்கில் 650, 700 டிகிரியில் உருகிய உலோகம் ஒவ்வொரு ஷாட்டிலும் எச்.13 (சூட்டு வேலைக்கான டை ஸ்டீல்) கோர் பின்னில் (காஸ்டிங்கில் துளை உருவாக்கும் ஊசியில்) மோதுகிறது. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்து அதனோடு சேர்மமாகப் பிணைந்துகொள்வதால் பின்னில் அலுமினியம் வெல்டு பிடித்தமாதிரி ஒட்டிவிடும். காஸ்டிங் இழுபடும், பின் வளையும். இங்கே வேண்டியது இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு திரை. டைட்டானியம் நைட்ரைடு அந்தச் சூட்டில் சிதையத் தொடங்கும். குரோமியம் நைட்ரைடு தாங்கும். அலுமினியம் சேர்ந்த குரோமியம் நைட்ரைடு இன்னும் அதிகச் சூடு தாங்கும். சற்று முன்பு அலுமினியம் சேர்ந்த கோட்டிங் வேண்டாம் என்றுவிட்டு இங்கே அதைச் சிபாரிசு செய்கிறேனே என்று கேட்பீர்கள். வெட்டும் முனையில் சில்லு பெரிய அழுத்தத்தில் உரசி, ஒவ்வொரு நொடியும் புது உலோகத்தைத் தேய்க்கிறது. டையில் அப்படி இல்லை. மேற்பரப்பில் ஏறிய ஆக்சைடு படலம் நிலைத்து நின்று உருகிய உலோகத்தைத் தள்ளி வைக்கும்.

குரோமியம் நைட்ரைடுக்கு உள்அழுத்தம் குறைவு. அதனால் டைட்டானியம் நைட்ரைடைவிடத் தடிமனாக, உரியாமல் போட முடியும். எஞ்சின் பிஸ்டன் ரிங்குகளில் பழைய ஹார்டு குரோமின் இடத்தைப் பல இடங்களில் இது பிடித்ததற்கு அந்தத் தடிமனும் ஒரு காரணம். பி.வி.சி. மோல்டிங்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியாகி மோல்டை அரிக்கும். அங்கேயும் இதுதான் பரவாயில்லை. தாமிரம், பித்தளை ஷீட்டை டிரா செய்யும் பஞ்சுகளில் தாமிரம் ஒட்டும் தொல்லைக்கும் இதையே எடுப்பேன்.

அரிமானத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பி.வி.டி. கோட்டிங் எதுவாக இருந்தாலும் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். ஆர்க் முறையில் உலோகத் துளிகள் தெறித்து அங்கங்கே ஒட்டும். அவை பெயர்ந்தால் அந்த இடம் ஓட்டை. மைல்டு ஸ்டீல் பாகத்தில் மேலே 3 மைக்ரான் குரோமியம் நைட்ரைடு போட்டுத் துருவைத் தடுக்கலாம் என்று நினைத்தால் ஓட்டை வழியாக அடியில் துரு பரவும். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு ஸ்பேர் செய்து கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெங்களூரா மாம்பழக் கூழ் அமிலத்தன்மை உள்ளது. சீசனில் மெஷின் நிற்காமல் ஓடும். இடையிடையே காஸ்டிக் கழுவலும் உண்டு. கத்தியும் ஸ்கிரேப்பரும் தேய்கிறது என்றால் கடினப்படுத்தக்கூடிய எஸ்.எஸ். 420 போன்றதில் செய்து, டெம்பரிங்கையும் கோட்டிங் சூட்டையும் சேர்த்துத் திட்டமிட்டு, அதன்மேல் கோட்டிங் போடுங்கள். அப்படிக் கடினப்படுத்த முடியாத சாதாரண எஸ்.எஸ். 304இல் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். சல்லடைக்கு எந்தக் கோட்டிங்கும் தேவையில்லை.

ஹார்டு குரோமை ஏன் இன்னும் தள்ளிவிட முடியவில்லை

ஹார்டு குரோம் 800 முதல் 1000 விக்கர்ஸ்தான். நைட்ரைடோடு ஒப்பிட்டால் கடினத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் 20, 50, 100 மைக்ரான் என்று ஏற்ற முடியும். தேய்ந்த ஷாஃப்டையோ அளவு குறைந்த பஞ்சையோ திரும்ப அளவுக்குக் கொண்டுவர நைட்ரைடு கோட்டிங்கால் முடியாது, குரோமால் முடியும். தொட்டியும் 55 டிகிரி அளவில்தான் ஓடும் என்பதால் எந்த ஸ்டீலும் கடினம் இழக்காது. ஹைட்ராலிக் ராடு, நீளமான ஷாஃப்ட் ஆகியவற்றைப் பி.வி.டி. சேம்பரில் நுழைக்கவே முடியாது.

குறை எங்கே? மூலைகளில் தடித்து ஏறும், உள் மூலைகளில் ஏறாது. பிறகு கிரைண்ட் செய்தாக வேண்டும். ஹைட்ரஜன் ஏறி ஸ்டீல் நொறுங்கும் அபாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. அது நிலத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையில் குவிந்துகிடந்த குரோமேட் கழிவைத் தவிர வேறு சாட்சி தமிழ்நாட்டில் தேட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. நைட்ரைடு கோட்டிங்கில் கழுவும் தொட்டியைத் தவிர ஈரமான கழிவே கிடையாது.

நைட்ரைடிங் என்பது வேறு சங்கதி, பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. அது மேலே போடும் தோல் இல்லை. 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் நைட்ரஜனை ஸ்டீலுக்குள்ளேயே ஊற விடுவது. 0.1 மி.மீ. முதல் சில பத்தில் ஒரு பங்கு மி.மீ. வரை ஆழம் கிடைக்கும், 1000 விக்கர்ஸை ஒட்டிய கடினம் கிடைக்கும். எச்.13 டைக்கு இது ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. காசு இருந்தால் பிளாஸ்மா நைட்ரைடிங் செய்து, மேலே உருவாகும் வெள்ளைப் படலத்தை நீக்கிவிட்டு, அதன்மேல் குரோமியம் நைட்ரைடு போடுவது டை காஸ்டிங்குக்கு எனக்குத் தெரிந்து நல்ல கூட்டணி. காரணம் அடுத்து வருகிறது.

அடியில் இருக்கும் ஸ்டீல்

ராகிக் களி உருண்டைமேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் நொறுங்கும், ஏனென்றால் அடியில் இருப்பது உள்ளே போகிறது. இ.என்.8 என்ற மிருதுவான சாதாரண ஸ்டீலில் செய்த பஞ்சுக்கு 3000 விக்கர்ஸ் கோட்டிங் போட்டாலும் அதுவே நடக்கும். அழுத்தம் வரும் வேலைக்கு அடி ஸ்டீல் 58 எச்.ஆர்.சி.யாவது இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மோல்டில் அழுத்தம் குறைவு என்பதால் பி.20 மோல்டு ஸ்டீலே தாங்கிக்கொள்ளும்.

கடினம் மட்டும் போதாது, அது எந்த டெம்பரிங்கில் வந்த கடினம் என்பதையும் பார்க்க வேண்டும். நம்மூர் டூல் ரூம்களில் அதிகம் புழங்கும் ஓ.எச்.என்.எஸ்., இ.என்.31 என்ற ஸ்டீல்கள் இரண்டும் 200 டிகிரிக்குள் டெம்பர் ஆனவை. 60 எச்.ஆர்.சி. இருந்த பஞ்சை 450 டிகிரி சேம்பருக்குள் வைத்தால் வெளியே வரும்போது பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கும். பார்க்கத் தங்கமாக மின்னும். பிரஸ்ஸில் போட்டால் விளிம்பு மழுங்கும். எச்.சி.எச்.சி.ஆர். (கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள ஸ்டீல்) என்கிற டி.2வில் வழி இருக்கிறது. ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கு அனுப்பும்போதே ‘கோட்டிங் போடப்போகிறோம், 500 டிகிரிக்கு மேல் இரண்டு டெம்பரிங் கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் 58, 60 கிடைக்கும், கோட்டிங்கிலும் அது நிற்கும். வழக்கமான 200 டிகிரி டெம்பரிங்கில் வந்ததை அனுப்பினால் கடினமும் இறங்கும், உள்ளே மிச்சமிருக்கும் ஆஸ்டெனைட் (கடினமாக மாறாமல் நின்ற ஸ்டீல் படிகம்) மாறி அளவும் நகரும். 200 டிகிரியை ஒட்டிக் குரோமியம் நைட்ரைடு போடும் முறையும் உண்டு; பழைய ஓ.எச்.என்.எஸ். பஞ்சுக்குத்தான் போட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கிரானைட் ஆலைக்காரர்கள் சிலரும் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். கல்லில் இருக்கும் குவார்ட்ஸைவிட டைட்டானியம் நைட்ரைடு கடினம்தானே, டிரில் பிட்டுக்குப் போட்டால் என்ன என்பது அவர்கள் வாதம். கடினம் சரி, தடிமன்தான் இல்லை. அடித்து அடித்துத் துளைக்கும் இடத்தில் 3 மைக்ரான் எத்தனை அடிக்கு நிற்கும்? அங்கே கார்பைடு பட்டனும் வைர செக்மெண்ட்டும்தான் கதி.

அனுப்புவதற்கு முன்

ஓசூர்க்காரர்களுக்குக் கோட்டிங் என்றால் பெரும்பாலும் பெங்களூருதான். அத்திப்பள்ளி வந்தாலே வேறு மாநிலம். ஜாப் ஒர்க்குக்காக வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பைக் டிக்கியில் நாலு பஞ்சுதானே என்று சலானை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பாகம் எப்படிப் போக வேண்டும் என்பது இதைவிட முக்கியம். ஒயர் கட், இ.டி.எம். (மின்பொறியால் வெட்டும் முறைகள்) செய்த முகத்தில் வெந்து இறுகிய வெள்ளைப் படலம் இருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் அனுப்பினால் கோட்டிங் அந்தப் படலத்தோடு சேர்ந்து உரியும். கிரைண்டிங்கில் நீலம் பாய்ந்த இடமும் அப்படித்தான். பர் (விளிம்பில் நீட்டி நிற்கும் பிசிறு) இருந்தால் பரின்மேல் கோட்டிங் ஏறி, முதல் வெட்டிலேயே பரோடு உடைந்து விளிம்பைத் திறந்துவிடும். பிரேசிங் செய்த (பற்றவைத்து ஒட்டிய) டூல் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரேசிங்கில் காட்மியமோ சிங்கோ இருந்தால் வெற்றிடச் சூட்டில் ஆவியாகி மொத்த லாட்டையும் கெடுக்கும். காந்தம் ஏறிய பாகத்தை டீமேக்னடைஸ் செய்ய வேண்டும். துரு, பழைய ஹார்டு குரோம், ஸ்க்ரூ போட்டு இணைத்த பாகங்கள் எதையும் நல்ல சென்டர் ஏற்காது. ஏற்றுக்கொண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆழமான துளைக்குள் கோட்டிங் போகாது. ஆவி நேர்கோட்டில் வருவதால் துளையின் விட்டம் அளவு ஆழம் வரை கிடைத்தால் அதிர்ஷ்டம். டையின் உள் சுவரில் வேண்டும் என்றால் டிசைனிலேயே பிரித்துச் செய்யுங்கள்.

அளவுக் கணக்கும் உண்டு. 10 மி.மீ. எச்.7 (துளை அளவுக்கான ஒரு தரநிலை) துளைக்கு மொத்த டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 15 மைக்ரான். ரீமரில் பக்கத்துக்கு 3 மைக்ரான் கோட்டிங் ஏறினால் விட்டம் 6 மைக்ரான் கூடும், டாலரன்ஸில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. கோட்டிங்குக்கு இடம் விட்டு ரீமரைக் கிரைண்ட் செய்யாவிட்டால் முதல் துளையிலேயே நோ-கோ கேஜ் (துளை பெரிதாகிவிட்டால் மட்டுமே நுழையும் அளவி) உள்ளே இறங்கலாம்.

திரும்பக் கோட்டிங் போடும்போது பழையதை நீக்க வேண்டுமா என்று கேளுங்கள். எச்.எஸ்.எஸ். மேல் இருக்கும் டைட்டானியம் நைட்ரைடை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவத்தில் கரைத்துவிடலாம். கார்பைடில் அப்படிக் கரைக்கும்போது அதன் கோபால்ட்டும் அரிக்கப்படும்; முனை பலவீனமாகும்.

காசு

டூல் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு பேச்சுக்கு, கோட்டிங் டேப் சாதா டேப்பைவிட ஒன்றரை மடங்கு விலை, இரண்டு மடங்கு துளை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேப் செலவில் நாலில் ஒரு பங்கு மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம், டேப் மாற்ற மெஷின் நிற்கும் நேரம் பாதியாவதும், பாகத்துக்குள் டேப் உடைந்து அந்தப் பாகமே ஸ்கிராப் ஆவது குறைவதும். பாகம் விலை உயர்ந்ததாக இருந்தால் கோட்டிங் செலவு ஒரு பொருட்டே இல்லை. நேர்மாறாக, மாதத்துக்கு ஐம்பது துளை போடும் மெயிண்டனன்ஸ் ஒர்க்‌ஷாப்புக்குக் கோட்டிங் எதற்கு? கோட்டிங் சென்டர்கள் சேம்பரில் பிடிக்கும் இடத்தை வைத்து விலை போடுகின்றன, குறைந்தபட்சக் கட்டணமும் இருக்கும். பக்கத்துப் பட்டறையோடு சேர்ந்து ஒரே வகைக் கோட்டிங்குக்கு லாட் சேர்த்து அனுப்பினால் கட்டுபடியாகும்.

இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு என் தேர்வு இப்படி. எச்.எஸ்.எஸ். டூல், கூலண்ட், சாதாரண ஸ்டீல்: டைட்டானியம் நைட்ரைடு, இரண்டாம் யோசனை வேண்டாம். கார்பைடு, கடின ஸ்டீல், காற்று ஊதி மில்லிங்: டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. டை காஸ்டிங் பின், தாமிர டிராயிங், பி.வி.சி. மோல்டு: குரோமியம் நைட்ரைடு, முடிந்தால் நைட்ரைடிங்குக்கு மேல். அலுமினியம் மெஷினிங்: முதலில் கோட்டிங் இல்லாமல், பிறகு சிர்கோனியம் நைட்ரைடு. அளவு குறைந்துபோன பாகம், நீள ஷாஃப்ட்: மனமில்லாவிட்டாலும் ஹார்டு குரோம். ஓ.எச்.என்.எஸ். பஞ்ச்: கோட்டிங்கை மறந்துவிட்டு அடுத்த முறை டி.2வில் செய்யுங்கள்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரே பார்சலில் வந்த டிரில்களில் பாதிக்கு மட்டும் கோட்டிங் போடுங்கள். ஒரே மெஷின், ஒரே ஆபரேட்டர், ஒரே ஹீட்டில் (ஒரே முறை உருக்கிய ஸ்டீல் தொகுதியில்) வந்த ராட். கோட்டிங் டிரில்லுக்கு வேகத்தைக் கூட்டுவது அடுத்த சுற்றில். முதல் சுற்றில் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். துளை எண்ணிக்கையை எழுதும்போது பக்கத்தில் டிரில் எப்படிச் செத்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விளிம்பு உடைந்து செத்தவை அதிகம் என்றால் ஹோல்டரையும் ரன்-அவுட்டையும் (டிரில் மையம் விலகிச் சுற்றுவதையும்) பார்க்க வேண்டும்; அந்த டிரில்லுக்கு எந்த நைட்ரைடு போட்டாலும் அதே எண்ணிக்கைதான் வரும்.